வாசலில் எந்தப் பக்கம் திரும்புவது?

சென்ற மாதம் அக்காவின் மகன் போனில் அழைத்தான். “சித்தி, டிசம்பரில் நானும் அவளும் வியட்நாம் போகிறோம். டூர் கம்பெனி எல்லாம் இல்லை, நாங்களேதான் சுற்றப்போகிறோம். எந்த வழிகாட்டிப் புத்தகம் வாங்கட்டும்?” பின்னாலிருந்து அவன் மனைவியின் சிரிப்பு கேட்டது. “இந்தக் காலத்தில் புத்தகமா? எல்லாம் போனிலேயே இருக்கிறது” என்றாள். நான் வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த மறு நிமிடமே, சொன்னது தவறு என்று தோன்றியது. அந்தப் புத்தகம் மோசம் என்றில்லை. அவன் கேட்ட கேள்விக்கு ஒரு தலைப்பு பதிலாகாது. மருந்துக் கடையில் நின்று “நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்கள்” என்று கேட்டால் எப்படியோ, அப்படி. யாருக்கு, என்ன நோய் என்று கேட்க வேண்டாமா?

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அங்கோர் வாட் ஞாபகம் வந்துவிடுகிறது. 2024 ஜனவரியில் அக்காவும் நானும் கம்போடியா போயிருந்தோம். அங்கே அந்தக் கோயிலைத் தலைகீழாகப் பார்த்தேன். கையில் புத்தகம் வைத்துக்கொண்டே பார்த்தேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோழி ஒருத்தி கொடுத்தது. 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, நானூறு பக்கத்துக்கு மேல், செங்கல் கனம். ஏழு கிலோ கைப்பைக்குள் எல்லாவற்றையும் அடக்கிப் பயணம் செய்வது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அதனால் புறப்படுவதற்கு முந்தைய இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தோழியிடம் போனில் அனுமதி கேட்டுவிட்டு, பிளேடால் புத்தகத்தை அறுத்தேன். வெளிநாட்டுப் பயணிகள் பலர் சர்வ சாதாரணமாகச் செய்கிற காரியம் இது; தேவையான பக்கங்களை எடுத்துக்கொண்டு மீதியை வீட்டில் போட்டுவிடுவார்கள். அக்கா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். “சரஸ்வதி பூஜைக்கு இதை எந்த முகத்தோடு அடுக்கி வைப்பாய்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் எடுத்துக்கொண்டது: அங்கோர் வாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சியாம் ரீப் நகரம், கோயில்களின் பட்டியல், வரைபடங்கள், தங்குமிடங்கள், சாப்பாடு. விட்டுவிட்டுப் போனது: கடைசி எண்பது பக்கம். வரலாறு, கட்டடக்கலை, சமயம், மக்கள். ஊரைத் தெரிந்துகொள்ள அதெல்லாம் எதற்கு, ராமாயண மகாபாரதம் நமக்குத் தெரியாததா என்ற எண்ணம்.

போய் இறங்கியதும் புத்தகத்துக்கு முதல் அடி. விமான நிலையத்திலிருந்து நகரம் ஏழு கிலோமீட்டர், டுக்டுக்கில் கால் மணி நேரம் என்று அதில் இருந்தது. அதை நம்பி, “போனவுடன் குளித்துவிடலாம்” என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் 2023 அக்டோபரிலேயே பழைய நிலையத்தை மூடிவிட்டு, நகரத்துக்கு 40 கிலோமீட்டருக்கும் அப்பால் புதிய நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். வயல்களுக்கு நடுவே நேர்கோடாக ஓடும் அகலச் சாலையில் ஒரு மணி நேரம் போனோம். அக்கா ஒன்றும் பேசவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தாள். பழைய பதிப்பு வாங்கினால் ஓட்டல் வாடகை மாறியிருக்கும், சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். விமான நிலையமே இடம் மாறியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் வந்து பொய்பெட் எல்லையைக் கடந்து சியாம் ரீப் சேர்வது எப்படி என்று கம்போடியாப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் 2025இல் மோதல் வந்தபோது அந்த எல்லையும் மூடிக்கொண்டது. அத்தனை பக்கமும் ஒரே நாளில் பழைய காகிதம்.

ஆகவே விலை, தூரம், நேரம், எல்லை ஆகிய சமாசாரங்களுக்குப் போன்தான் சரி என்று அந்த மருமகள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அங்கோர் மூன்று நாள் அனுமதிச் சீட்டு 62 டாலர், அதைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம் என்பதைப் போனில்தான் சரிபார்த்தேன். நகரத்தின் எந்தச் சந்தில் எந்த விடுதி என்று காகிதத்தில் தேடிக்கொண்டு நின்றால் அக்கா என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பாள். காகிதப் புத்தகத்துக்கு மிச்சமிருக்கும் வேலை வேறு. அது என்ன என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

யாருக்காக எழுதியது?

இரண்டாம் நாளுக்குள் ஒன்று புரிந்தது: இந்தப் புத்தகம் எனக்காக எழுதப்பட்டதல்ல. வெயிலைப் பற்றி அது பயமுறுத்தியிருந்த அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. சித்திரையில் மதுரை மாசி வீதியில் நடந்தவர்களுக்கு ஜனவரியில் சியாம் ரீப் குளிர்பிரதேசம். மகாபாரதம் என்றால் என்ன என்று ஒரு கட்டம் போட்டு விளக்கியிருந்தது. பேரம் பேசக் கூச்சப்படாதீர்கள் என்று தைரியம் சொல்லியிருந்தது. அக்காவுக்கா! விசாப் பகுதியில் எந்தெந்த நாட்டவருக்கு என்ன என்று ஒரு பட்டியல். அதில் நம் நாட்டின் பெயரே இல்லை. புத்தகம் எழுதியவர் மனத்தில் ஒரு வாசகர் இருக்கிறார். அவர் லண்டனிலோ மெல்போர்னிலோ இருந்து புறப்படுகிறார். வியர்க்கிறது, விஷ்ணு யாரென்று தெரியாது, பேரம் வராது. அவருக்கு அது நல்ல புத்தகம்தான்.

சாப்பாட்டில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. அக்கா சுத்த சைவம். “சைவ உணவு எளிதாகக் கிடைக்கும்” என்ற வரியை நம்பித்தான் அவளை அழைத்து வந்திருந்தேன். புத்தகம் சொன்ன சைவக் கடைகளில் கண்ணாடிக் குடுவையில் பழக்கூழும், ரொட்டிமேல் வெண்ணெய்ப்பழமும் கிடைத்தன. மூன்று வேளையும் அதைச் சாப்பிட அக்காவால் முடியுமா? தெருக்கடையில் வள்ளைக்கீரை வதக்கலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இறைச்சி வேண்டாம் என்று சைகையிலும் அரைகுறைச் சொல்லிலும் கேட்டு வாங்கினோம். இறைச்சி இல்லைதான். ஆனால் ஒரு வாய் வைத்ததும் அவள் தட்டை நகர்த்தினாள். மீன் சாறு. அந்த ஊரில் அது நம் பெருங்காயம் மாதிரி, எல்லாவற்றிலும் ஒரு துளி விழும். அதை யாரும் மீன் என்று கணக்கில் எடுப்பதில்லை. பிராஹோக் என்ற புளித்த மீன் விழுது வேறு. ‘இறைச்சி வேண்டாம் என்றால் போதாது, மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள்’ என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும். அந்த லண்டன் வாசகருக்குத் தேவைப்படாத வரி அது. அவருடைய சைவம் வேறு, அக்காவின் சைவம் வேறு.

கிழிந்த டாலர் நோட்டை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள், ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் திருப்பித் தந்துவிடுவார்கள் என்பதை மட்டும் புத்தகம் சரியாக எச்சரித்திருந்தது. புறப்படுமுன் சென்னையில் பணம் மாற்றும் கடையில் நோட்டு நோட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கினேன். அந்த ஒரு வரிக்காக அந்தப் புத்தகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வலமாகச் சுற்றியது

இப்போது அந்தக் கோயிலுக்கு வருகிறேன். அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டியது. (இவன் தமிழன் என்று வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. காம்போஜ, அதாவது கம்போடிய, அரசன் ஒருவன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பிய செய்தி கரந்தைச் செப்பேட்டில் இருக்கிறது. அது சூரியவர்மனுக்கு நூறு வருடம் முந்தைய கதை. நட்பு வேறு, உறவு வேறு.) அகழியைத் தாண்டி, நீண்ட கல்பாதையில் நடந்து மேற்கு வாசலை அடைந்தால், மூன்றாம் பிராகாரம் என்று நாம் சொல்லக்கூடிய ஒரு நீண்ட மண்டபம் கோயிலைச் சுற்றி ஓடுகிறது. அதன் உட்சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பம். வாசலில் நின்றால் இடமும் போகலாம், வலமும் போகலாம்.

நாங்கள் யோசிக்கவே இல்லை. கோயில் என்றால் வலம். இடப்பக்கம் திரும்பி, கருவறை எங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க ஆரம்பித்தோம். முதலில் வந்தது இலங்கைப் போர். அனுமன் தோள்மேல் நின்று ராமன் அம்பு விடுகிறான். பின்னால் லட்சுமணனும் விபீஷணனும். தேரின் மேல் பத்துத் தலையோடு ராவணன். சுவர் முழுக்கக் குரங்குகள், கடிப்பதும் பிடுங்குவதுமாக. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல ஆரம்பம்.

அதன் பிறகு என்னவோ சுரத்துக் குறைந்துகொண்டே வந்தது. வடக்குச் சுவரின் கிழக்குப் பாதியிலும், கிழக்குச் சுவரின் வடக்குப் பாதியிலும் கைவேலை சுமார்தான். உருவங்கள் ஒரே அச்சில் வார்த்தவை மாதிரி நின்றன. (அவை 16ஆம் நூற்றாண்டில், கோயில் கட்டி நானூறு வருடம் கழித்துச் செதுக்கியவை என்று பிறகுதான் படித்தேன்.) அதைக் கடந்து பாற்கடல் கடைந்த காட்சிக்கு வரும்போது எங்களுக்குக் கால் ஓய்ந்திருந்தது. உலகத்துச் சிற்பங்களில் தலையாயவற்றில் ஒன்றென்று எல்லோரும் சொல்கிற 49 மீட்டர் சுவரைத் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டே கடந்தோம். தெற்குச் சுவரில் 32 நரகங்கள். எண்ணெய்க் கொப்பரை, முள்மரம், நாக்கைப் பிடுங்குதல் எல்லாம் வரிசையாக வந்த பிறகு, கடைசியில் எருமைமேல் எமன் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். “தண்டனை முதலில், விசாரணை பிறகா? நம் ஊர் மாதிரியே இருக்கிறது” என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்தோம். அதில் ஒரு துப்பு இருந்தது, நாங்கள் கவனிக்கவில்லை.

அதே சுவரின் அடுத்த பாதியில் ஒரு படை. யானைகள், குடைகள், கொடிகள். அத்தனை பேரும் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு படையை முன்னாலிருந்து பின்னாகப் பார்த்துக்கொண்டு போவது எவ்வளவு விசித்திரம் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். கூட்டத்தில் எதிர்த்து நடப்பது போல ஒரு தடுமாற்றம். முதலில் தலையலங்காரம் தாறுமாறாக, வரிசை கலைந்து நடக்கும் சியாம் (இன்றைய தாய்லாந்து) வீரர்கள். வெகு நேரம் கழித்துத்தான் ராஜா. அவர் யார் என்று தெரிந்துகொள்ள, அறுத்தெடுத்த பக்கங்களைப் புரட்டினேன். வரைபடத்தில் ஒவ்வொரு சுவருக்கும் ஓர் எண் இருந்தது. எண்கள் நான் வந்த வழிக்கு நேர் எதிராக ஏறிக்கொண்டிருந்தன. அச்சுப் பிழை என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது எதிர்த் திசையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். எழுபது வயதிருக்கும், ஊன்றுகோல், வெள்ளைத் தொப்பி. கையில் அச்சிட்டு ஸ்டேபிள் அடித்த காகிதக் கற்றை. சுவரை ஒரு முறை பார்ப்பார், காகிதத்தைப் பார்ப்பார், இரண்டடி நகர்வார். எங்களுக்கு வழிவிட்டபடி, “நீங்கள் படைக்கு எதிராக நடக்கிறீர்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். குற்றம் சொல்லும் குரலில்லை. செருப்பு இடம் மாறிப் போட்டிருக்கிறது என்று சொல்கிற மாதிரி. சிற்பங்கள் இடமாகச் சுற்றிப் பார்க்கவேண்டியவை, குருட்சேத்திரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்றார். நான் அக்காவுக்கு மொழிபெயர்த்தேன்.

“கோயிலை அப்பிரதட்சிணமாகச் சுற்றுவதா?” அக்கா நின்றுவிட்டாள். “கொள்ளிக்குடம் எடுத்தால்தான் அப்படிச் சுற்றுவார்கள்.”

அந்தப் பெண்மணி அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு அக்காவை ஒரு நிமிடம் பார்த்தார். “பிரெஞ்சு அறிஞர்கள் இதற்காகப் பல வருடம் சண்டை போட்டார்கள். இவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்” என்றார். கோயில் மேற்குப் பார்த்திருப்பதும், சிற்பங்கள் அப்பிரதட்சிணமாக ஓடுவதும்தான், இது அரசனுடைய ஈமக் கோயிலாக இருந்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்களின் முக்கியச் சான்றுகள்.

அவர் கையிலிருந்தது மொரிஸ் கிளேஸ் எழுதிய பழைய வழிகாட்டி. கிளேஸ் 1937 முதல் 1945 வரை அங்கோரின் காப்பாளராக இருந்தவர். புத்தகம் வந்தது 1944இல். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அன்றிரவு விடுதியில் போனில் இறக்கிப் படித்தேன். ஓட்டல் இல்லை, சாப்பாட்டுக் கடை இல்லை, விலை இல்லை. ஆகவே பழசாக அதில் ஒன்றுமே இல்லை. மனிதர் ஒவ்வொரு சுவர் முன்னாலும் நிற்கிறார், எங்கே கல் சிதைந்திருக்கிறது என்கிறார், எது சுமார் என்பதைக் கூச்சமில்லாமல் சொல்கிறார். எண்பது வருடப் பழைய புத்தகம் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனது. ஆறு வருடப் பழைய புத்தகம் விமான நிலையத்திலேயே கைவிட்டுவிட்டது.

சென்னை திரும்பி ஒரு வாரம் கழித்து, தோழியின் புத்தகத்தை ஒட்டித் திருப்பித் தருவதற்காக, வீட்டில் விட்டுப்போன எண்பது பக்கத்தை எடுத்தேன். கட்டடக்கலை அத்தியாயத்தில், ஒரு மூலையில், சாம்பல் நிறக் கட்டத்துக்குள் இருந்தது அந்த வரி: சிற்பங்களை இடமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். புத்தகம் சொல்லித்தான் இருக்கிறது. நான்தான் பிளேடால் அறுத்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

கொஞ்ச நாள் என்னையே நொந்துகொண்டேன். பிறகு கோபம் புத்தகத்தின் மேலும் திரும்பியது. திசையைச் சொல்லவேண்டிய இடம் வாசல். நான் அங்கே நிற்கிறேன், இரண்டு பக்கமும் மண்டபம் போகிறது. அந்தப் பக்கத்தில் சொல்ல வேண்டும். எண்பது பக்கம் தள்ளி, சோபாவில் சாய்ந்து படிக்கிற அத்தியாயத்தில் சொல்லி என்ன பயன்? எழுதியவர் ஒருவர், வரைபடம் போட்டவர் ஒருவர், வரலாறு எழுதியவர் வேறொருவர் என்றால் இப்படித்தான் ஆகும்.

இதில் போனையும் சேர்த்துச் சொல்கிறேன். போன் கேட்டதற்குப் பதில் சொல்லும். ‘எந்தப் பக்கம் திரும்புவது’ என்று நான் கேட்டிருந்தால் அதுவும் சரியாகச் சொல்லியிருக்கும். நான் ஏன் கேட்கப் போகிறேன்? கோயிலை எப்படிச் சுற்றுவது என்று மதுரைக்காரிக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பதை எப்படிக் கேட்பது? அங்கே குறுக்கே வந்து, ‘நில், நீ இந்தத் தவறைச் செய்யப்போகிறாய்’ என்று சொல்வதற்குத்தான் புத்தகம் வேண்டும். ஆயிரம் பேர் போட்ட நட்சத்திரங்களின் சராசரிக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. அதில் அங்கோர் வாட்டும் நாலே முக்கால், பக்கத்துச் சந்து மசாஜ் கடையும் நாலே முக்கால்.

அக்கா மகனுக்கு மறுபடி போன் செய்து நான் சொன்னது இதுதான். புத்தகக் கடைக்குப் போ. முதலில் வியட்நாமை எடுக்காதே. அதே நிறுவனத்தின் இந்தியப் புத்தகத்தை எடுத்து மதுரையைத் திற. மீனாட்சியம்மன் கோயில் மதியம் நடை சாத்துவதைச் சொல்லியிருக்கிறார்களா? பன்னிரண்டு மணி வாக்கில் ஆட்டோவில் போய் இறங்கி, அரை மணியில் வெளியே அனுப்பப்பட்டு, நாலு மணிவரை வெயிலில் நிற்கிற வெள்ளைக்காரக் குடும்பங்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். உனக்குத் தெரிந்த ஊரைப் பற்றிப் பொய்யோ பூச்சோ எழுதுகிறவர்கள் வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்தைப் பற்றி மட்டும் உண்மை எழுதுவார்களா? மதுரை தேறினால் வியட்நாமை எடு. ஏதாவது ஓர் ஊரைப் பற்றி, ‘நேரமில்லையென்றால் இதை விட்டுவிடலாம்’ என்று எழுதியிருக்கிறார்களா பார். எல்லா ஊரும் எழில் கொஞ்சுகிறது என்றால் எழுதியவர் எங்கும் போகவில்லை. பிறகு சாப்பாட்டுப் பக்கம். மீன் சாறு என்ற சொல் இருக்கிறதா பார், உன் மனைவி முட்டைகூடத் தொடமாட்டாள். பதிப்பாண்டை மட்டும் பார்த்து ஏமாறாதே. ஊரைச் சுற்றி எழுதி, அச்சாகி, கப்பலேறி உன் கைக்கு வர ஒரு வருடம் ஆகியிருக்கும்.

ஊர் ஊராய்ப் போய்ப் பார்க்கிற பழக்கம் இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஜெர்மனியில் சிவப்பு அட்டை வழிகாட்டிகளை வெளியிட்ட கார்ல் பெடெக்கர், மிலான் தேவாலயக் கூரைக்கு ஏறும்போது இருபது படிக்கு ஒரு பட்டாணியை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றிக்கொண்டே போனாராம், படிக் கணக்குத் தப்பாமலிருக்க. 1973இல் வீலர் தம்பதி சிட்னியில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதி, பக்கங்களை ஸ்டேபிள் அடித்து விற்றதுதான் லோன்லி பிளானட் வழிகாட்டிகளின் ஆரம்பம். பட்டாணிக்காரரின் புத்தகமும் ஸ்டேபிள்காரர்களின் புத்தகமும் பின்னாளில் பெரிய நிறுவனங்களாயின. வளர்ந்த பிறகு யார் படியேறினார்கள் என்பதுதான் வாங்குகிறவர் கேட்கவேண்டிய கேள்வி.

தமிழில் பயணக் கட்டுரைக்குக் குறைவில்லை. எழுத்தாளர் என்ன சாப்பிட்டார், எங்கே மனம் நெகிழ்ந்தார், எந்தச் சிலையைப் பார்த்துச் சோழர்களை நினைத்துக்கொண்டார் என்றெல்லாம் வரும். எந்தப் பஸ் என்று வராது. இத்தனைக்கும் நம்மிடம் சங்க நூலான மலைபடுகடாம் இருக்கிறது. நன்னன் என்ற அரசனிடம் போகிற கூத்தர்களுக்கு, போய்வந்த ஒருவன் வழி சொல்கிறான்: பன்றிக்கு வைத்த பொறி இருக்கிறது, பாம்பு இருக்கிறது, தினைப்புனத்துக்காரர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தில் மறைந்து நில் என்று. எங்கே அடிபடும் என்பதைச் சொல்லாமல் அவன் ஓரடி எடுத்துவைப்பதில்லை. அந்த மரபு எங்கே அறுந்தது என்று தெரியவில்லை.

மறுபடி அங்கோருக்கு வருகிறேன். மூன்றாம் நாள் சீட்டு மிச்சமிருந்தது. விடிகாலையில் கிளம்பிவிட்டோம். சூரியோதயம் பார்த்த கூட்டம் காலைச் சாப்பாட்டுக்கு விடுதி திரும்புகிற நேரத்தில், ஏழரை மணிக்கு, மேற்கு வாசலில் நின்றோம். நான் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றேன். அக்கா தலையசைத்தாள். “ஈமக் கோயிலோ என்னவோ, உள்ளே பெருமாள் இருந்த இடம். நான் வலமாகத்தான் வருவேன். நீ உன் புத்தகத்தோடு போ.”

பிரிந்து நடந்தோம். குருட்சேத்திரத்தில் இரண்டு படைகளும் நடுவில் வந்து மோதுகின்றன. அம்புப் படுக்கையில் பீஷ்மர். மூலை திரும்பியதும் சூரியவர்மனின் படை. இந்த முறை அவர்கள் என் கூடவே நடந்தார்கள். ராஜாவின் யானையைச் சுற்றிப் பதினைந்து குடை, எண்ணிப் பார்த்தேன். எமன் முதலில் தீர்ப்புச் சொன்னான், அப்புறம் நரகம் வந்தது. மூலை திரும்பிக் கிழக்குச் சுவருக்கு வந்தபோது வெயில் தூண்களுக்கு ஊடாக நேரே சுவரில் விழுந்துகொண்டிருந்தது. பாம்பின் தலையைப் பிடித்து இழுக்கும் அசுரர்களின் ஓரமாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நடுவில், ஆமையின் முதுகில் நிற்கும் மத்துக்கு முன்னால், விஷ்ணுவின் காலடியில் அக்கா நின்றிருந்தாள். தேவர்கள் பக்கமிருந்து வந்திருந்தாள்.

“நீ எந்தப் பக்கமிருந்து வருகிறாய் பார்” என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, தான் வந்த வழியே வால் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். “வாலைப் பிடித்திருப்பது குரங்கு முகம். அனுமன் மாதிரி இருக்கிறது. பாற்கடல் கடைந்தபோது அவன் எங்கே பிறந்தான்? உன் புத்தகத்தைத் திற.”